நுங்கம்பாக்கம் சொல்லும் முடிவுகள்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் நுங்கம்பாக்கம் பன்னிரண்டாவது நிலையம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று தொடங்கி மாம்பலமும் கோடம்பாக்கமும் கடந்து இறங்கிச் சற்று நடந்தால் டென்னிஸ் விளையாட்டரங்கம் வந்துவிடும். சென்னை ஓபன் முதன்முதலாக நடந்த 1997 முதல், போட்டி நடக்கும் ஆண்டுகளில் ஒருநாளாவது இந்த வழியில் போய்வருவது என் வழக்கம். ஆட்டக்காரன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது; பார்வையாளன், அவ்வளவுதான். முடிவுப் பட்டியல்களைக் கத்தரித்து வைக்கும் பழக்கமும் உண்டு.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. இந்தோனேசியாவின் ஜானிஸ் டிஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிர்ரெலை 6-4, 6-3 என்ற நேர் செட்களில் வென்று சென்னை ஓபன் மகளிர் ஒற்றையர் பட்டத்தைக் கைப்பற்றினார். மோந்தா புயல் கொண்டுவந்த மழையில் தொடக்க நாட்களின் ஆட்டங்கள் தடைபட்டும், போட்டி குறித்தபடி ஞாயிறன்று முடிந்தது. அதே இரவில் நவி மும்பையில் இந்திய மகளிர் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவை வீழ்த்தி உலகக் கோப்பையை வென்றது. மறுநாள் செய்தித்தாள்களில் எது முதல் பக்கத்தில் வந்தது, எது விளையாட்டுப் பக்கத்தின் மூலைக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆயினும், மூலையில் வந்த அந்தச் செய்தியைத் தமிழக விளையாட்டுத் துறையும் தமிழக டென்னிஸ் சங்கமும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காரணம், டிஜென் வந்த வழி. ஜகார்த்தாவில் பிறந்தவர், அப்போது வயது 23. அமெரிக்காவில் முதலில் ஓரிகன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கலிஃபோர்னியாவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்கு ஆடியவர். 2024-இல் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது உலகத் தரவரிசையில் அவருக்குச் சொல்லிக்கொள்ளத்தக்க இடம் ஏதும் இல்லை. அதற்குப் பிந்தைய ஓராண்டுக் காலத்தில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் சிறு போட்டிகளில் பத்துக்கும் மேற்பட்ட பட்டங்களை வென்றார். 2025 ஆகஸ்டில் தகுதிச்சுற்று வழியாக அமெரிக்க ஓபனுக்குள் நுழைந்து, முதல் சுற்றிலேயே 24-ஆம் நிலை வீராங்கனை வெரோனிகா குடெர்மெடோவாவை வீழ்த்தினார். இரண்டு மாதங்கள் கழித்து நுங்கம்பாக்கத்தில் கோப்பை. 2002-இல் தாய்லாந்தின் பட்டாயாவில் ஏஞ்சலிக் விட்ஜாஜா வென்றதற்குப் பிறகு இந்தோனேசியப் பெண் ஒருவர் பெற்ற முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் இது. இருபத்துமூன்று ஆண்டுக் காத்திருப்பு நம் ஊரில் முடிந்தது.

நம் காத்திருப்பு முடியவில்லை. 2022-இலும் 2025-இலும் இங்கே நடந்த இந்த மகளிர் போட்டியில் இந்திய வீராங்கனை எவரும் ஒற்றையர் காலிறுதியை எட்டவில்லை. 2022-இல் கர்மான் கௌர் தாண்டி, எட்டாம் நிலை பெற்றிருந்த பிரான்ஸின் குளோ பாகேயை 4-6, 6-4, 6-3 என்று வென்ற இரவு மறக்க முடியாதது. முதல் செட்டை இழந்தபின் அரங்கமே அவருக்காக எழுந்து நின்றது. அடுத்த சுற்றில் யூஜினி பூஷார்டிடம் அவர் தோற்றார். அங்கித்தா ரெய்னா முதல் சுற்றிலேயே தத்யானா மரியாவிடம் தோற்றிருந்தார். இப்படித் தோற்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர்களில் பெரும்பாலோர் ‘வைல்டு கார்டு’ என்னும் சிறப்பு அனுமதியில் உள்ளே வருகிறவர்கள். ஆண்டு முழுவதும் இந்த மட்டத்தில் ஆடிப் பழகியவர்களோடு, ஆண்டுக்கு ஒருமுறை இந்த மட்டத்தைத் தொடுகிறவர்கள் மோதுகிறார்கள். அரங்கத்தின் கூச்சல் ஒரு செட்டை வாங்கித் தரும். மூன்று சுற்றுகளை வாங்கித் தராது.

இது மகளிர் ஆட்டத்துக்கு மட்டும் உரிய குறையன்று. ஆடவர் சென்னை ஓபன் 1997 முதல் 2017 வரை இருபத்தொரு ஆண்டுகள் இங்கே நடந்தது. பாட்ரிக் ராஃப்டர், கார்லோஸ் மோயா, மரின் சிலிச், நான்கு முறை வென்ற ஸ்டான் வாவ்ரிங்கா என்று உலக டென்னிஸின் பெரும்புள்ளிகள் கோப்பையைத் தூக்கினார்கள். 2003-இல் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசபன் தூக்கினார். 2008 அரையிறுதியில் ரஃபேல் நடாலும் மோயாவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆடியதைப் பார்த்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடியவர்களில் நானும் ஒருவன். (அந்த அரையிறுதியில் வென்ற நடால் மறுநாள் இறுதியில் மிகயில் யூஸ்னியிடம் 0-6, 1-6 என்று சரிந்தார். களைப்பு என்றால் என்னவென்று அன்று கண்ணால் பார்த்தோம்.) இரட்டையர் பிரிவில் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சேர்ந்து ஐந்து முறை வென்றார்கள். கடைசி ஆண்டான 2017-இல் ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் வென்றார். ஒற்றையரில்? இருபத்தொரு ஆண்டுகளில் ஓர் இந்தியரும் இல்லை. இறுதிவரை வந்தவர் ஒரே ஒருவர், 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன்.

சோம்தேவின் கதையை இங்கே சற்று நின்று பார்க்கலாம். அவரும் வைல்டு கார்டில் வந்தவர்தான். இருமுறை வென்ற மோயாவை அவர் வீழ்த்தினார். சர்வீஸ் போட்டே எதிரிகளை ஓய்த்துவிடும் நெட்டையர் இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தினார். இறுதியில் சிலிச்சிடம்தான் நின்றார். திடீரென வானத்திலிருந்து குதித்தவரைப் போல அன்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்து, 2007, 2008 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் வாகையர் பட்டத்தை வென்றவர். சென்னையில் ஆடி வளர்ந்த பையன். ஆனால் அவரை முழு ஆட்டக்காரராக்கிய நான்கு ஆண்டுகள் கல்லூரி ஒன்றின் கணக்கில் கழிந்தன. தங்குமிடம், உணவு, பயிற்சியாளர், பந்து, வாரந்தோறும் தன்னைவிடச் சற்று வலியவனோடு ஓர் ஆட்டம்.

2009-இல் சோம்தேவ், 2025-இல் டிஜென். பதினாறு ஆண்டு இடைவெளியில் நுங்கம்பாக்கம் நமக்கு இருமுறை ஒரே செய்தியைச் சொல்லியிருக்கிறது. பெரிய போட்டியில் வெல்கிறவர் பெரிய போட்டியில் உருவாவதில்லை.

டென்னிஸ் ஏணியின் கணக்கு தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சென்னை ஓபன் ‘250’ வகைப் போட்டி. பட்டம் வென்றால் 250 தரவரிசைப் புள்ளிகள். முதல் சுற்றில் தோற்றால் ஒரே ஒரு புள்ளி. இந்தப் படிக்குக் கீழே மேலிருந்து 125, 100, 75, 50, 35, 15 என்று படிகள் இறங்குகின்றன. ஆகக் கீழே உள்ள ‘டபிள்யூ 15’ போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அதை ஆட்டக்காரர்கள் அனைவரும் பகிர்ந்துகொண்டால் முதல் சுற்றில் தோற்றவருக்கு ஓட்டல் வாடகைகூட மிஞ்சாது. ஆனாலும் அங்கேதான் தொடங்க வேண்டும். அந்தப் படி வீட்டுக்கு அருகில் இருந்தால் பேருந்துக் கட்டணத்தோடு போகும். துனிசியாவிலோ துருக்கியிலோ இருந்தால் விமானம், விசா, ஒரு மாத வாடகை. பணம் உள்ளவர் மட்டும் ஏறும் ஏணியாக டென்னிஸ் மாறுவது இந்த இடத்தில்தான்.

உள்ளூர்ப் படி ஒன்று எவ்வளவு தரும் என்பதற்கு நுங்கம்பாக்கத்திலேயே சான்று உண்டு. ஹரியாணாவின் சுமித் நாகல் 2023 செப்டம்பரில் தம் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே இருப்பதாகச் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். நாட்டின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரரின் கையிருப்பு அது. அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் அலெக்சாண்டர் புப்ளிக்கை வீழ்த்தினார். பிப்ரவரியில் சென்னை சேலஞ்சர் போட்டியின் இறுதியில் இத்தாலியின் லூகா நார்டியை 6-1, 6-4 என்று வென்று, அந்த வெற்றியின் புள்ளிகளால் 98-ஆம் இடத்துக்கு ஏறினார். 2019-இல் நம் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்குப் பிறகு முதல் நூறுக்குள் வந்த இந்திய ஒற்றையர் ஆட்டக்காரர் அவர்தான். அந்தப் போட்டிக்கு வந்த கூட்டம் 250 போட்டிக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட இருந்திருக்காது. விளம்பரப் பதாகைகளும் அவ்வளவு இல்லை. ஆனால் ஓர் இந்தியரின் வாழ்க்கையை மாற்றியது என்று பார்த்தால், என் கத்தரிப்புகளில் அதற்கு ஈடாக வேறொன்றைக் காட்ட முடியவில்லை.

பெரிய போட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2017-க்குப் பிறகு ஆடவர் போட்டி புணேக்குப் போனபோது வருந்தியவன் நான். புணேயிலும் அது 2023-க்கு மேல் நிற்கவில்லை. இன்று ஆடவர் முதன்மைச் சுற்றில் இந்தியாவுக்கு ஒரு போட்டிகூட இல்லை. 2022-இல் மகளிர் போட்டியைக் கொண்டுவரத் தமிழக அரசு 5 கோடி ரூபாய் தந்தது. பிறகு அதைவிடக் கூடுதலாகவும் தந்தது. நல்ல செலவுதான். டென்னிஸ் மேட்டுக்குடி ஆட்டம், அதற்கு ஏன் மக்கள் பணம், கபடிக்கும் தடகளத்துக்கும் தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. ஏணியின் உச்சிப் படிக்கு மட்டும் வர்ணம் பூசிக்கொண்டே இருப்பதா, கீழே இரண்டு படி அடிப்பதா என்பதே மிச்சமுள்ள கேள்வி. மேட்டுக்குடி ஆட்டமாக அது நீடிப்பதற்கும் கீழ்ப்படிகள் இல்லாததே காரணம்.

இனி எங்கள் பகுதிக்கு வருகிறேன். 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை, கிழக்கே செம்பாக்கம், மாடம்பாக்கம் வரை ஒரே நகரம். இங்கே ஒரு சிறுமி டென்னிஸ் ஆட விரும்பினால் என்ன செய்வாள்?

என் பக்கத்து வீட்டுப் பெண்ணையே சொல்கிறேன். சேலையூரில் எங்கள் தெருவில், இருசக்கர வாகனப் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவரின் மகள். எட்டு வயதில், வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்த ஒரு தளத்தில் ஆடத் தொடங்கினாள். ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே காலையில் நான்கைந்து குழந்தைகளுக்குப் பெயரளவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். 2022 செப்டம்பர் 18, இறுதியாட்டத்துக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். செக் நாட்டின் லிண்டா ஃபுருவிர்டோவா, போலந்தின் மக்டா லினெட்டிடம் முதல் செட்டை 4-6 என்று இழந்து, அடுத்ததை 6-3 என்று மீட்டு, மூன்றாவதில் 1-4 என்று பின்தங்கியிருந்தார். சுற்றி இருந்தவர்கள் கைப்பேசியில் வண்டி பதிவுசெய்யத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் ஐந்து கேம்களைத் தொடர்ந்து வென்று கோப்பையை எடுத்தார். வயது பதினேழு.

“தாத்தா, அந்த அக்காவுக்கு நிஜமாவே பதினேழுதானா?”

“ஆமாம்மா.”

“எனக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு” என்றாள். ரயிலில் திரும்பும்போது குரோம்பேட்டை வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

மறு ஆண்டு அந்தத் தளம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. யார்மீதும் குற்றமில்லை, இடம் அவர்களுடையது. அடுத்த தளம் மேடவாக்கம் தாண்டி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள். அங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. வெளியாருக்கு மணிக்கணக்கில் கட்டணம், மாலையானால் விளக்குக் கட்டணம் தனி. போட்டிகளில் ஆடும் தரத்தில் ஒரு மட்டை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அதன் நரம்பை அடிக்கடி மாற்ற வேண்டும். மூன்று பந்து கொண்ட டப்பா சில வாரங்களில் சத்தம் மாறிவிடும். அவள் அப்பா கணக்குத் தெரிந்தவர். “மாசம் கடை வாடகை அளவுக்கு ஆகுது சார். ஆடி எங்க போய்ச் சேரும்னு யாராவது சொன்னாங்கன்னா, கடன் வாங்கியாவது கட்டுவேன்” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. 2025 இறுதியாட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். அவளுக்கு அன்று டியூஷன்.

தாம்பரம் பக்கம் காலி மனைகள் இப்போது பசும்புல் போன்ற செயற்கை விரிப்பு போட்ட ‘டர்ஃப்’களாக மாறுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இரவு பன்னிரண்டு மணிவரை வெளிச்சமும் கூச்சலுமாக இருக்கின்றன. பிக்கிள்பால் களங்களும் முளைக்கின்றன. விளையாட்டு பெருகுகிறது என்று மகிழலாம். ஆனால் டென்னிஸ் மட்டும் அந்தப் பெருக்கத்தில் சேராததற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு டென்னிஸ் தளத்துக்குச் சுற்றியுள்ள ஓட்டவெளியோடு 120 அடிக்கு 60 அடி வேண்டும். 7,200 சதுர அடி. நம் வழக்கில் சரியாக மூன்று கிரவுண்டு. சதுர அடி ஆறாயிரம் ரூபாய் என்று வைத்தாலே நிலத்தின் மதிப்பு நான்கு கோடியைத் தாண்டுகிறது. அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஆடுவோர் நால்வர், ஒற்றையர் என்றால் இருவர். டர்ஃப் வைத்தால் அதே இடத்தில் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக் காசு தருவார்கள். எந்த நில உரிமையாளரும் டென்னிஸைத் தேர்ந்தெடுக்க மாட்டார். சந்தை இந்த ஆட்டத்தைப் புறநகருக்குக் கொண்டுவராது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அப்படியானால் நிலம் யாரிடம் இருக்கிறது? முன்பு ஏரிகளிடம் இருந்தது. கோடையில் நீர் வற்றினால் ஏரித் தரையே எங்கள் பிள்ளைகளின் கிரிக்கெட் மைதானம். நுங்கம்பாக்கம் அரங்கம் நிற்கும் பகுதியும் ஒருகாலத்தில் ஏரிதான். ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் மிச்சம். ஏரிகளைத் தொடக்கூடாது என்பதில் இன்று இரு கருத்தில்லை. தொட்டதன் பலனை 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பார்த்துவிட்டன. ஆகவே மிச்சம் இருப்பவை கல்வி நிறுவனங்கள். தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே 1937 முதல் காடாய் விரிந்து கிடக்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் தொடங்கி, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி வரை எத்தனை கல்லூரிகள்! பொத்தேரியின் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக டென்னிஸ் அணிகள் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் பெயர்பெற்றவை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அமெரிக்காவில் பெப்பர்டைனும் வர்ஜீனியாவும் செய்ததைச் செய்யத்தக்க நிலமும் மாணவர்களும் இந்த முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இல்லாதது இரண்டுதான். கல்லூரித் தளங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. அங்கே சர்வதேசப் புள்ளி தரும் போட்டிகள் ஆண்டுதோறும் நடப்பதில்லை.

முடியாத காரியமா? மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரை நமக்குப் போர்வை நெய்யும் ஊராகத்தான் தெரியும். அங்கே பல ஆண்டுகளாக மகளிருக்கான சர்வதேசக் கூட்டமைப்புப் போட்டி நடக்கிறது. மும்பையில் 125 வகைப் போட்டி நடக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்த மும்பைப் போட்டியில்தான் கோவையின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி, பதினைந்து வயதில், தகுதிச்சுற்றிலிருந்து ஆடிவந்து அரையிறுதியை எட்டினார். தமிழ்ப் பெண்ணுக்குப் படி போட்டுத் தந்தது மகாராஷ்டிரம். அதன்பின் அவருக்கு ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் உள்ள நடால் அகாதெமியில் பயிற்சி. நம் மாநிலத்தின் மிகத் திறமையான பெண்ணுக்கு அடுத்த படி மயோர்க்காவில்தான் இருக்கிறது என்பதைப் பெருமையாகவும் சொல்லலாம். வேறு விதமாகவும் சொல்லலாம்.

இத்தனைக்கும் இந்த ஆட்டம் நமக்குப் புதிதன்று. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். விஜய் அமிர்தராஜ் இருமுறை அங்கே காலிறுதி ஆடியவர். கோவையின் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில், கிராண்ட்ஸ்லாம் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்றவர். 1980-களில் அமிர்தராஜ் குடும்பத்தார் சென்னையில் நடத்திய பயிற்சித் திட்டத்தில் தங்கி ஆடிய சிறுவன்தான் பின்னாளில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பயஸ். பிள்ளைகளைத் தங்கவைத்து, செலவை ஏற்று, ஆண்டுக்கணக்கில் ஆடவைக்கும் முறை இந்த ஊரிலேயே ஒருகாலத்தில் இருந்தது. கல்கத்தாவிலிருந்து பிள்ளைகள் இங்கே வந்தார்கள்.

அரசிடம் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டம் இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் ஆகிய மூன்று தொகுதிகளில் ஒன்றிலாவது நான்கு தளங்கள் கொண்ட பொது டென்னிஸ் வளாகம் அமையட்டும். நான்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தளம் இருந்தால் பயிற்சிதான் நடக்கும். நான்கு இருந்தால் போட்டி நடத்தலாம். மழைக்காலம் தவிர்த்து ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று வாரம் தொடர்ச்சியாக ‘டபிள்யூ 15’ போட்டிகள். மூன்றுக்கும் சேர்த்துப் பரிசுத்தொகை 45,000 டாலர். இன்றைய மதிப்பில் நாற்பது லட்ச ரூபாய் அளவு. நடத்தும் செலவை மேலே சேர்த்துக்கொண்டாலும், ஒரு 250 போட்டிக்கு அரசு தரும் தொகையில் ஒரு பகுதிதான். உள்ளூர்ப் பெண்களில் நால்வருக்கு அங்கே வைல்டு கார்டு கிடைக்கும். மற்றவர்கள் தகுதிச்சுற்றில் முட்டி மோதுவார்கள்.

இதனால் நாளை ஒரு விம்பிள்டன் வீராங்கனை சேலையூரிலிருந்து கிளம்பிவிடுவாள் என்று நான் நம்பவில்லை. டென்னிஸ் அவ்வளவு இரக்கமுள்ள ஆட்டமன்று. சென்னையில் பதினேழு வயதில் கோப்பை தூக்கிய ஃபுருவிர்டோவா, 2023-இல் ஆஸ்திரேலிய ஓபன் நான்காம் சுற்றுவரை சென்று, முதல் ஐம்பதுக்குள்ளும் வந்து, பிறகு நூறுக்கு வெளியே சரிந்தார். அவரிடம் தோற்ற லினெட், நான்கே மாதத்தில் அதே ஆஸ்திரேலிய ஓபனின் அரையிறுதியில் நின்றார். ஒரு வாரத்து முடிவை வைத்து யாருடைய எதிர்காலத்தையும் எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு தகப்பன், ஆடி எங்கே போய்ச் சேரும் என்று கேட்கும்போது, அடுத்த படி இன்ன இடத்தில், இன்ன தேதியில், இவ்வளவு செலவில் இருக்கிறது என்று காட்ட முடிய வேண்டும். இந்தோனேசியாவின் டிஜெனுக்கு யாரோ அப்படிக் காட்டியிருக்கிறார்கள்.

டிசம்பரில், எங்கள் பகுதியிலுள்ள ஒரு கல்வி நிறுவனத்துக்குப் போயிருந்தேன். வளாகத்தின் பின்புறம் இரண்டு தளங்கள். வலை தொய்ந்து கிடந்தது, கோடுகள் மங்கியிருந்தன, ஆள் இல்லை. காலை ஆறிலிருந்து எட்டு வரை தெருப் பிள்ளைகள் சிலருக்கு அனுமதி தரலாமா, பராமரிப்புக்கு நாங்கள் பத்துப் பேர் பணம் போடுகிறோம் என்று அலுவலகத்தில் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். விண்ணப்பமாக எழுதிக் கொடுங்கள், அடுத்த நிர்வாகக் குழுவில் வைக்கிறோம் என்றார்கள். அங்கேயே அமர்ந்து எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளின் பெயர், வயது பகுதியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரை முதலில் எழுதினேன்; அவளிடம் இன்னும் சொல்லவில்லை.